மடக்குக் கத்தியின் பூட்டு: மூன்று புள்ளியும் எட்டு டிகிரியும்

மடக்குக் கத்தி செய்கிறவர்கள் பெரும்பாலும் அலகின் வடிவத்தைத்தான் முதலில் வரைவார்கள். நான் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். தாளில் முதலில் வருவது பிவட், அதாவது அலகு சுழலும் அச்சு. அடுத்தது, திறந்த அலகு போய் முட்டி நிற்கும் ஸ்டாப் பின். மூன்றாவது, பூட்டுப் பட்டை அலகின் பின்புறத்தில் வந்து உட்காரும் இடம். இந்த மூன்று புள்ளியும் சரியாக அமைந்துவிட்டால் கத்தி பாதி முடிந்த மாதிரி. அவை தப்பாக அமைந்துவிட்டால், எவ்வளவு நல்ல எஃகு வாங்கிப் போட்டாலும் அந்தக் கத்தியை நம்பி யார் கையிலும் கொடுக்க மாட்டேன்.

இப்போது செய்துகொண்டிருப்பது அக்காவுக்காக. அவள் ரோஜாவுக்கு ஒட்டுக் கட்டுகிறவள், இடது கைக்காரி. ஒரு கையில் கிளையைப் பிடித்தபடி மறு கையால் கத்தியைத் திறந்து மூட வேண்டும். மண் உள்ளே போகும், செடியின் சாறு ஒட்டும், ஈரத்தில் கிடக்கும். இதை எல்லாம் முன்னால் வைத்துக்கொண்டுதான் எந்தப் பூட்டு என்று யோசித்தேன்.

பூட்டே இல்லாத கத்தி உண்டு. பிடியின் முதுகில் ஒரு ஸ்பிரிங் பட்டை அலகை அழுத்திப் பிடிக்கும், அவ்வளவுதான். ஒட்டுக் கத்திகளில் பல அப்படிப்பட்டவையே. ஆனால் அக்கா தடித்த கிளையைக்கூட அதே கத்தியால் குத்திப் பிளப்பாள், அலகு எப்போது மடங்கும் என்று சொல்ல முடியாது. ஒபினெல் கத்தியில் 1955 முதல் வரும் சுழல் வளையம் எளிமையானது, உறுதியானது, ஆனால் அதைத் திருப்ப இரண்டு கை வேண்டும். பக் 110 கத்தி 1964-ல் வந்து பிரபலமாக்கிய முதுகுப் பூட்டில், ஸ்பிரிங் பட்டையின் மூக்கு அலகின் பின்புறமுள்ள வெட்டில் விழுந்து பிடிக்கும். மிகவும் பலமான பூட்டு. ஆனால் அந்த வெட்டில் மண் அடைந்தால் மூக்கு முழுதாக இறங்காது, இறங்கியது போலத் தெரியும். தோட்டத்துக்கு அது ஆகாது.

இரண்டு கைக்கும் பொதுவானது குறுக்குத் தண்டுப் பூட்டு. பெஞ்ச்மேட் நிறுவனம் 1990-களின் இறுதியில் ஆக்ஸிஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. இடது கைக்காரருக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு பிடிக்குள் இருக்கும் இரண்டு தகட்டிலும் ஒரே மாதிரியாகச் சாய்ந்த துளைவாய் வெட்ட வேண்டும், அதற்கு மில்லிங் மெஷின் வேண்டும். என்னிடம் இருப்பது பெஞ்ச் டிரில், பெல்ட் கிரைண்டர், அரங்கள். அதோடு அந்தத் தண்டைத் தள்ளும் ஸ்பிரிங்குகள் மெல்லிய கம்பிகள், ஒடிந்தால் அவளால் வீட்டில் மாற்ற முடியாது.

அதனால் லைனர் லாக். பிடியின் இரு பக்கமும் உள்ளே ஒரு தகடு இருக்கும், அதுதான் லைனர். அதில் ஒன்றை நீளவாக்கில் அறுத்து, அறுத்த நாக்கை உள்பக்கமாக வளைத்துவிட்டால் அதுவே பூட்டுப் பட்டை. அலகு முழுதாகத் திறந்ததும் அந்த நாக்கு உள்ளே பாய்ந்து அலகின் பின்புறத்தில் முட்டி நிற்கும். இந்த எண்ணம் 1906-லேயே காப்புரிமை பெற்றது. ஆனால் நாம் இன்று பார்க்கும் வடிவத்தைக் கொடுத்தவர் 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக்காரர். முதுகு ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு, ஸ்டாப் பின்னையும், மூடிய அலகைப் பிடித்து வைக்க ஒரு சிறு குண்டையும் சேர்த்தார். பிறகு கிறிஸ் ரீவ் என்ற இன்னொரு கத்திக்காரர் அந்த நாக்கைப் பிடியின் தடித்த பக்கத்திலிருந்தே வெட்டி எடுத்தார், அது ஃப்ரேம் லாக். அடிப்படைக் கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. லைனர் லாக்கில் தனியாகக் கழன்று விழ ஒன்றும் இல்லை, பக்கவாட்டில் திறந்திருப்பதால் தண்ணீர் ஊற்றினால் மண் போய்விடும். எனக்கு அது போதும்.

இனி மூன்று புள்ளி.

அலகு இடப்பக்கம் நீட்டியிருக்கிறது, கூர் கீழே, பிடி வலப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலகின் பின்பகுதியை, பிவட் துளை இருக்கும் அந்த உருண்டையான பகுதியை, வால் என்று சொல்கிறேன். கத்தி மூடப் பார்க்கும்போது முனை கீழே இறங்கும். அப்போது பிவட்டுக்கு நேர் கீழே இருக்கும் வாலின் பகுதி வலப்பக்கமாக, பிடிக்குள் நகரும். அங்கே பூட்டுப் பட்டையின் முனை நின்றால், விசை பட்டையின் நீளவாக்கில் போகும். தகடு தன் நீளவாக்கில் அமுக்கப்படும்போதுதான் அதிகம் தாங்கும். அதே பட்டையைப் பிவட்டுக்கு நேர் பின்னால், அதன் உயரத்திலேயே கொண்டுபோய் வைத்தால், விசை பட்டையைக் குறுக்காக நெம்பும், முனை மேலும் கீழும் ஆடப் பார்க்கும். அதனால் தொடும் இடத்தை எவ்வளவு கீழே கொண்டுபோக முடியுமோ அவ்வளவு கீழே கொண்டுபோகிறேன். ஸ்டாப் பின் இதற்கு நேர் எதிராக மேலே, பிவட்டுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும். கீழே பட்டை தள்ள, மேலே வால் பின்னோடு ஒட்ட, அலகு இரண்டுக்கும் நடுவில் இறுகிவிடும்.

பிவட்டிலிருந்து தொடும் இடம் எவ்வளவு தூரம் என்பதில் தாராளமாக இருக்க வேண்டும். அலகின் முதுகில், பிவட்டிலிருந்து 70 மி.மீ. தள்ளி, ஐந்து கிலோ எடை அழுத்துகிறது என்று வையுங்கள். பூட்டு 7 மி.மீ. தூரத்தில் தொட்டால் அங்கே விழுவது 50 கிலோ. 9 மி.மீ. தூரத்தில் தொட்டால் 39 கிலோ. இரண்டே மி.மீ. நகர்த்தியதில் பதினொரு கிலோ குறைகிறது. ஆட்டத்துக்கும் இதே கணக்கு. 7 மி.மீ. தூரத்தில் 0.05 மி.மீ. இடைவெளி விட்டுவிட்டால், 80 மி.மீ. அலகின் முனையில் அது அரை மி.மீ.க்கு மேல் ஆட்டமாகத் தெரியும். அழகுக்காக வாலைச் சின்னதாக, ஒடுங்கலாக வரைகிறவர்கள் இந்த விலையைத்தான் கொடுக்கிறார்கள். பிடி கொஞ்சம் அகலமாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று நான் வாலைப் பெரிதாக வைக்கிறேன்.

அடுத்தது சாய்வு. இந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

வாலின் பூட்டு முகம், அதாவது பட்டை வந்து முட்டும் முகம், அலகின் பக்கத்துக்குச் செங்குத்தாக இருக்கக்கூடாது. செங்குத்தாக இருந்தால், பட்டை உள்ளே போக வேண்டுமானால் ஓர் இடைவெளி வேண்டும், இடைவெளி இருந்தால் ஆட்டம் இருக்கும். அதனால் முகத்தைச் சாய்த்து அரைக்கிறோம். பட்டை உள்ளே போகப் போக வாலை மேலும் முன்னால் தள்ளும், எங்கே இறுகுகிறதோ அங்கே நிற்கும். கதவுக்கு அடியில் செருகும் ஆப்பு போல. சாய்வு அதிகமானால் அழுத்தும்போது ஆப்பு வெளியே நழுவும். குறைந்தால் இறுகி, கட்டைவிரலால் தள்ளினாலும் வராது.

நழுவுமா நழுவாதா என்பதை உராய்வு முடிவு செய்கிறது. சாய்வுக் கோணத்தின் டேன்ஜென்ட், உராய்வுக் கெழுவைவிடக் குறைவாக இருக்கும்வரை, எவ்வளவு அழுத்தினாலும் பட்டை தானாக வெளியே வராது. உலர்ந்த எஃகுக்கு எஃகு 0.15 என்று எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டால் எல்லைக் கோணம் எட்டரை டிகிரி. ஏழிலிருந்து எட்டு டிகிரி என்று கத்திக்காரர்கள் கைமாற்றிக் கைமாற்றிச் சொல்லிவரும் அளவு வெறும் வழக்கம் என்றுதான் முதலில் எண்ணினேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோது அது அந்த எல்லைக்குச் சற்று உள்ளே வந்து உட்கார்ந்தது. எண்ணெய் பட்டால் உராய்வு 0.1-ஐ ஒட்டி இறங்கலாம், அதற்கான எல்லைக் கோணம் ஆறு டிகிரிக்கும் கீழே. ஆகவே பிவட்டுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், பூட்டு முகத்தைத் துடைத்து உலர்ந்ததாக வையுங்கள் என்று கத்தி வாங்கிக்கொள்கிற எல்லாரிடமும் சொல்கிறேன்.

அப்படியானால் ஐந்து டிகிரி வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். தேய்மானம் இருக்கிறதே. முகத்தில் 0.1 மி.மீ. தேய்ந்தால், எட்டு டிகிரியில் பட்டை 0.7 மி.மீ. உள்ளே நகர்ந்து அந்தக் குறையை நிரப்பும். ஐந்து டிகிரியில் 1.1 மி.மீ.க்கு மேல் நகரும். வாலின் தடிமன் மொத்தமே 3 மி.மீ. பட்டை எதிர்ப்பக்க லைனரைத் தொட்டுவிட்டால் அந்தப் பூட்டின் ஆயுள் முடிந்தது. அதனால் புதுக் கத்தியில் பட்டை வாலின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் ஒரு மி.மீ. உள்ளே வந்து நிற்கும்படி வைக்கிறேன். முதலில் கொஞ்சம் வேகமாக நகரும், இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று பழகியதும் நின்றுவிடும். அக்காவின் கத்திக்கு எட்டு.

இந்த முகத்தை அலகைக் கடினப்படுத்திய பிறகுதான் முடிக்க வேண்டும். சூட்டில் எஃகு கொஞ்சம் வளரும், கொஞ்சம் முறுக்கும். முன்னாடியே அளவாக அரைத்து வைத்தால் அந்த அளவு பிறகு இருக்காது. கால் மி.மீ. மிச்சம் விட்டு அனுப்பி, திரும்பி வந்ததும் கிரைண்டர் மேசையை எட்டு டிகிரி சாய்த்து, அலகைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அரைக்கிறேன். ஒவ்வொரு தடவை தொட்டதும் எடுத்துப் பார்க்க வேண்டும். கருப்பு மார்க்கரால் முகத்தைப் பூசி, கத்தியைக் கோத்து, திறந்து மூடி, கழற்றிப் பார்த்தால் எங்கே மை அழிந்திருக்கிறதோ அங்கேதான் பட்டை தொடுகிறது. அந்த அடையாளம் முகத்தின் கீழ் ஓரத்தில், பிவட்டிலிருந்து தொலைவில் இருக்க வேண்டும். மேல் ஓரத்தில் அழிந்திருந்தால் அலகை அழுத்தும்போது மெல்லிய டக் டக் அசைவு வரும். பட்டை முனையின் மேல் மூலையைச் சன்ன அரத்தால் ஓர் இழை தணித்தால் அடையாளம் கீழே இறங்கும். கடைசியில் முகத்தை 600-லிருந்து 1200 வரை உப்புத்தாளில் மெருகேற்றுவேன். கிரைண்டர் கோடுகளை அப்படியே விட்டால் அவை பட்டையை ராவிக்கொண்டே இருக்கும்.

பட்டைக்கு டைட்டேனியம், கிரேடு 5, 1.3 மி.மீ. தடிமன். எஃகைவிட அதன் விறைப்பு ஏறக்குறைய பாதிதான், அதனால் ஒடியாமல் நிறைய வளையும், துருவும் பிடிக்காது, ஈரத் தோட்டத்துக்கு ஏற்றது. தடிமனில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 1.0-லிருந்து 1.2 மி.மீ.க்குப் போனாலே ஒன்றே முக்கால் மடங்கு. கட்டைவிரல் நகத்தை வலிக்கவைக்கும் கத்திக்கும் பூப்போலத் திறக்கும் கத்திக்கும் நடுவில் அந்த 0.2 மி.மீ.தான். பட்டையைப் பிரிக்கும் அறுப்பு முடியும் இடத்தில் ஒரு சிறு துளை போட்டுவிட்டு, அந்தத் துளையில் கொண்டுபோய் அறுப்பை முடிக்க வேண்டும். கூரிய மூலையில் விட்டால் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வளைக்கும்போது டைட்டேனியம் நிறையத் திரும்பி வரும், வேண்டிய இடத்தைத் தாண்டி வளைத்துவிட வேண்டும்.

டைட்டேனியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. எஃகில் ஒட்டிக்கொள்ளும். புதுப் பூட்டு சில சமயம் விடாமல் பிடித்து, பிறகு கிரீச்சென்று விடும். பட்டை முனையில் டங்ஸ்டன் கார்பைடை மின்பொறியால் பதிய வைப்பார்கள், அல்லது முனையில் கடின எஃகுத் துண்டு ஒன்றைத் திருகுவார்கள். தடித்த ஃப்ரேம் லாக்குக்கு எஃகுத் துண்டு நல்லது. 1.3 மி.மீ. தகட்டில் திருகு பிடிக்க இடமில்லை, அதனால் கார்பைடு. மிக மெல்லிய படலம்தான், ஆனாலும் அது ஏறிய பிறகு பட்டை முன்பைவிடக் குறைவாகத்தான் உள்ளே வரும். முதல் அளவிலேயே அதற்கு இடம் விட்டுவிட வேண்டும்.

ஸ்டாப் பின்னைப் பற்றி ஒரு சின்ன விஷயம், எனக்கு நிறைய வேலையை மிச்சப்படுத்திய விஷயம். பின்னை இரும்புத் துண்டாக இறுக்கி அடித்துவிடாமல், 3 மி.மீ. திருகின் மேல் கடினப்படுத்திய புஷ் ஒன்றை, அதாவது ஒரு சிறு குழலை, போடுகிறேன். 5.00, 5.05, 5.10 என்று விட்டத்தில் 0.05 மி.மீ. வித்தியாசத்தில் புஷ்கள் கடைந்து வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு படி பெரிய புஷ்ஷைப் போட்டால் அலகு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடும், பட்டை ஏறக்குறைய 0.2 மி.மீ. குறைவாக உள்ளே வரும். முகத்தைத் திரும்ப அரைக்காமலே பூட்டைச் சரிசெய்துவிடலாம். பத்து வருஷம் கழித்துத் தேய்ந்து வந்தாலும் புஷ்ஷை மாற்றினால் போதும்.

குண்டு எப்போதும் பேச்சில் விட்டுப்போகிறது. பூட்டு என்றால் திறந்த நிலையில் பிடிப்பது மட்டும் என்றே பலரும் நினைக்கிறார்கள். மூடிய கத்தி பையில் தானாகத் திறக்காமல் இருப்பதும் பூட்டின் வேலைதான், அதைச் செய்வது பட்டையில் பதித்த 1.5 மி.மீ. செராமிக் குண்டு. அலகு மூடியிருக்கும்போது அது வாலில் உள்ள சிறு குழியில் இறங்கும். குழியின் நடுவில் இறங்கக்கூடாது. குழியின் ஓரத்தில், அலகை இன்னும் உள்ளே இழுக்கிற பக்கமாகச் சாய்ந்து உட்கார வேண்டும். அப்படி இருந்தால் கத்தியை மூடும்போது கடைசி இரண்டு மி.மீ.யை அலகு தானே போய்ச் சேரும், மூடிய பிறகு ஆடாது. இந்த வித்தியாசம் மி.மீ.யில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. குழியைக் கடினப்படுத்தும் முன்பே போட்டுவிட்டால் வேலை சுலபம், ஆனால் இடம் மாறிவிடும் என்ற பயம் இருக்கும். நான் கத்தியைக் கோத்து, மூடி, குண்டு வரப்போகும் துளை வழியாகவே வாலில் கார்பைடு டிரில்லால் அடையாளம் போட்டு, பிறகு ஓரமாகத் தள்ளித் துளைக்கிறேன். இன்னொன்று: அலகு திறக்கும் வழி முழுக்கக் குண்டு வாலின் மேலேயே ஓட வேண்டும். நடுவில் வாலின் ஓரத்தைவிட்டு இறங்கிவிட்டால் மூடும்போது அங்கே முட்டி நிற்கும். தாளில் பிவட்டை மையமாக வைத்துக் காம்பஸால் ஒரு வட்டம் போட்டாலே இது தெரிந்துவிடும்.

உலோகத்தில் கை வைப்பதற்கு முன் 3 மி.மீ. அக்ரிலிக் தகட்டில் முழுக் கத்தியையும் வெட்டிப் பார்க்கிறேன். பிவட்டுக்கு ஒரு ஆணி, ஸ்டாப்புக்கு ஒரு ஆணி. கண்ணாடி மாதிரி இருப்பதால் வால் சுழலும்போது எது எதைத் தொடுகிறது என்று உள்ளே வரை தெரியும். கணினியிலும் வரையலாம்தான், ஆனால் கையில் திருப்பிப் பார்க்கும்போது, மூடிய அலகின் முனை எங்கே ஒளிகிறது, கட்டைவிரல் எங்கே போகிறது என்பதெல்லாம் சேர்ந்து புரிகிறது.

கட்டைவிரல் விஷயத்தில் அக்கா நேராகக் கேட்டாள். அக்ரிலிக் மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "டேய், இதை மடக்கணும்னா விரலை அலகு வர்ற வழியிலேயே வைக்கணுமே, அது எப்படி?" என்றாள். லைனர் லாக்கின் உண்மையான குறை அது. பட்டையை ஒதுக்கும் விரல், அலகு இறங்கும் பாதையில்தான் இருக்கும். அதற்காகக் கூர் தொடங்கும் இடத்தை முன்னால் தள்ளி, பிவட்டை ஒட்டி 12 மி.மீ. மொட்டையாக விட்டேன். பட்டையை ஒதுக்கிவிட்டு அலகை இறக்கினால் முதலில் விரலில் படுவது அந்த மொட்டைப் பகுதி. அது பட்ட பிறகு விரலை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மி.மீ. கூரை இழப்பது ஒட்டுக் கத்திக்குப் பெரிய நஷ்டமில்லை, அவள் வெட்டுவதெல்லாம் முனைப் பக்கத்தில்.

இடது கைக்கு எல்லாம் தலைகீழ். வலது கைக்காரருக்குப் பட்டை வலப்பக்க லைனரில் இருக்கும், கட்டைவிரல் இடப்பக்கத்திலிருந்து அதை வலப்பக்கமாக ஒதுக்கும். அக்காவுக்குப் பட்டையை இடப்பக்க லைனரில் வைத்தேன், குண்டும் குழியும் அந்தப் பக்கம், வாலின் சாய்வும் மாறி அரைக்க வேண்டும். வலப்பக்க லைனரில் கட்டைவிரல் இறங்க ஒரு பிறை வடிவ வெட்டு. வலக்கைக் கத்தியை இடக்கைக்காரருக்குக் கொடுத்து "பழகிக்கோ" என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. அவர்கள் கத்தியைப் பிடிக்கும்போது மற்ற விரல்கள் பட்டையின் மேல் படிந்து, அவர்களுக்குத் தெரியாமலே அதை ஒதுக்கப் பார்க்கும்.

சோதனைக்குக் கத்தியின் முதுகை மேசை விளிம்பில் ஓங்கி அடித்துக் காட்டுகிற பழக்கம் உண்டு. நான் செய்வதில்லை. ஓங்கி அடித்தால் பட்டை அதிர்ந்து குதிப்பது வேறு, கையில் வரும் அழுத்தத்தில் நழுவுவது வேறு, அடி இரண்டையும் கலந்துவிடுகிறது, நல்ல பூட்டு முகத்தையும் நசுக்கிவிடுகிறது. அலகுக்குத் தடித்த டேப் சுற்றி, தோல் கையுறை போட்டு, முதுகை மரக்கட்டையில் வைத்து மெல்ல மெல்ல அழுத்தத்தைக் கூட்டுகிறேன். பட்டை முனைக்குப் பக்கத்தில் வாலில் ஒரு மெல்லிய கோடு போட்டிருப்பேன். அழுத்தத்தில் பட்டை அந்தக் கோட்டைவிட்டு வெளிப்பக்கம் துளி நகர்ந்தாலும் சாய்வு அதிகம் என்று அர்த்தம், திரும்பக் கிரைண்டருக்கு. உள்பக்கம் நகர்ந்து நின்றால் இறுகிக்கொண்டிருக்கிறது, நல்லது. அதன் பிறகு பிடியை முறுக்கிப் பிடித்து அழுத்திப் பார்ப்பேன், ஈரத் துணியால் நனைத்து ஒரு தரம், மண்ணைத் தூவி உதறிவிட்டு ஒரு தரம்.

அக்காவின் கத்தி இப்போது 5.05 புஷ்ஷில் நிற்கிறது. பட்டை ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக உள்ளே வருகிறது, கோடு நகரவில்லை. பிடிக்கு மேல் தகடு வைக்கவில்லை, லைனர் வெறுமனேதான் இருக்கிறது. ஒரு மாதம் அப்படியே வேலையில் வைத்துக்கொள் என்று கொடுத்திருக்கிறேன். பூட்டு முகம் பழகி முடிந்ததும் வாங்கிக் கழற்றி, மை தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிடியை ஒட்டப்போகிறேன்.